புதுப்பிப்பு: பெரியப்பாவின் கேசட்டுகள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கட்டாய உழைப்பில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில் பாதையிலிருந்து உயிரோடு திரும்பிய தமிழர்களை மலேசியாவின் பேராக் தோட்டங்களில் தேடித்தேடிப் பேட்டி எடுத்தவர் என் பெரியப்பா. அவர் விட்டுப்போன கேசட்டுகளை என்ன செய்வதென்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே எடுத்து வைத்தாயிற்று. அவற்றை ஓட்டினால் பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பாகம்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவிவிடும். நம்மூர் ஈரப்பதத்துக்குச் சாதாரண அலமாரி சரிப்படாது. இப்போது ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினட்டில் இருக்கின்றன. மற்றவற்றை, மேல்விளிம்பிலுள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டு (கை தவறினாலும் மேலே பதிவாகாது), ஒலியைச் சுருக்காத 24 பிட் வேவ் கோப்புகளாக மாற்றுகிறோம். ஒலியைச் சுருக்கி, கொஞ்சம் இழந்து சேமிக்கும் எம்பி3 போதும் என்றார் ஒருவர். கேட்பதற்குப் போதும், காப்பதற்குப் போதாது.

லேபிளில் ஊரும் பெயரின் முதலெழுத்தும்தான். முழுப்பெயர் பெரியப்பாவின் நோட்டில் இருக்கிறது. ஆகவே நோட்டையும் கேசட்டையும் பிரிக்கவே கூடாது. ஒரு கேசட்டில், பெரியவர் ஒருவர் ரயில் பாதை முகாமில் காலரா வந்ததைச் சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துகிறார். சேவல் கூவுவது கேட்கிறது. பெரியப்பா அடுத்த கேள்வி கேட்காமல் காத்திருக்கிறார்.

1979 முதல் வாய்மொழி வரலாறுகளைச் சேகரித்துவரும் நம் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திடம் பேசலாம்தான். ஆனால் பேட்டியில் பேசியவர்களின் பிள்ளைகள் முதலில் சம்மதிக்க வேண்டும். அவர்களைத் தேட உதவியாக, பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் எழுதுங்கள்.