எயார்பொட்ஸா, காது மிஷினா? ஆறு மணித்தியாலச் சண்டை

பழுகாமம் வாத்தியார்:
கல்லடித் தம்பி நேற்று எழுதியதை வாசித்தேன். "பாட்டுக் கேட்கக் காதில் செருகும் ஆப்பிளின் எயார்பொட்ஸ் புரோ 2 போதும், இனியும் காது மிஷினுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவன் விசரன்" என்கிறார். அந்த விசரன்களில் நானும் ஒருவன். ஒரேயொரு கேள்வி: அதன் பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும்?

கல்லடிக்காரன்:
சேர், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் இது என் கற்பனையும் இல்லை. 2024 செப்டெம்பரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதன் காது மிஷின் வசதியை அனுமதித்தது. 118 பேரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாங்களே போனில் சரிசெய்துகொண்டவர்களுக்கும் நிபுணரிடம் போனவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான். காதுப் பரிசோதனையும் போனிலேயே ஐந்து நிமிஷத்தில் முடியும். வெளிவந்தபோது விலை 249 டொலர். நீங்கள் கொடுத்தது எவ்வளவு?

பழுகாமம் வாத்தியார்:
நான் கேட்டது பற்றரி.

கல்லடிக்காரன்:
ஆறு மணித்தியாலம். அதன் சார்ஜ் பெட்டிக்குள் ஐந்து நிமிஷம் போட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம். பெட்டியோடு சேர்த்து 30.

பழுகாமம் வாத்தியார்:
ஆறு! காலை ஆறு மணிக்கு எழும்புகிற நான் பன்னிரண்டு மணிக்குச் செவிடன். மனுசி சோற்றுக்குக் கூப்பிடுவதும் கேட்காது. என் மிஷினில் 13ஆம் நம்பர் பற்றரி. செம்மஞ்சள் ஒட்டுத்தாளை உரித்துக் காற்றுப்பட விட்டுப் போட்டால் நாள்கணக்கில் ஓடும். உம்முடையதோ காதையும் அடைத்துக்கொள்ளும். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் சொந்தக் குரலே இரையும்.

சம்மாந்துறை நானா:
ஒரு சந்தேகம். வாப்பா கனகாலம் அரிசி மில்லில் நின்றவர். ஓடியோகிராமில், அதாவது காதுப் பரிசோதனை அறிக்கையில், இரண்டு காதுக்கும் கேட்கும் குறைபாடு 70 டெசிபல் (சத்தத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது. அவருக்கு எது சரிவரும்?

கல்லடிக்காரன்:
குடக் கதை பழசு சேர். ஆறு மணித்தியாலம் ஒரே மூச்சில் யாரோடு பேசப் போகிறீர்கள்? மத்தியானம் படுக்கும்போது சார்ஜில் போடுங்கள். காது மிஷின் போட்டால் கிழவன் என்று பார்ப்பார்கள் என்பதற்காகவே எத்தனை பேர் கேட்காத காதோடு திரிகிறார்கள்! இதைப் போட்டால் பாட்டுக் கேட்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

பழுகாமம் வாத்தியார்:
அதுதானே வில்லங்கம்! செத்த வீட்டில் இதை மாட்டிக்கொண்டு இருந்தால் பாட்டுக் கேட்கிறான் என்று ஏசமாட்டார்களா? அதுவும் ஆறு மணித்தியாலம்தான். பிரேதம் எடுக்கும் முன்னமே பற்றரி போய்விடும்.

ஆரையம்பதி தங்கச்சி:
நானா, எயார்பொட்ஸுக்குக் கிடைத்த அனுமதி லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ள, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். 70 என்றால் கடுமையானது. கிளினிக்கில் காட்டுங்கள், குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற இருவரும் யாருக்கு எவ்வளவு குறைபாடு என்பதைப் பேசாமல் பற்றரியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பழுகாமம் வாத்தியார்:
பிள்ளை, லேசோ கடுமையோ, ஆறு மணித்தியாலத்தில் நின்றால் எல்லாம் ஒன்றுதான்.

கல்லடிக்காரன்:
சரி, புரோ 3 வந்துவிட்டது. இந்த வசதியைப் போட்டுக்கொண்டே 10 மணித்தியாலம் வரை ஓடும். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பழுகாமம் வாத்தியார்:
நீர் எழுதியது புரோ 2. ஆறு என்று மாட்டுப்பட்டதும் 3க்குப் பாய்கிறீர். சோலர் பற்றிய விவாதத்திலும் இதே பாய்ச்சல்தான், நான் மறக்கவில்லை. தொடங்கிவைக்க ஐபோனோ ஐபாடோ வேண்டுமே, அதையும் அந்த 249க்குள் போட்டுத் தருவார்களா?

கல்லடிக்காரன்:
சோலரில் நான் சொன்னதுதான் கடைசியில் நடந்தது. அதை விடுங்கள். ஊரில் இத்தனை பேருக்குக் காது மந்தமாகக் காரணம் யார்? திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிவிட்ட நிர்வாகசபையில் இருந்தவர்தானே நீங்கள்?

மாமாங்கத்துப் பொடியன்:
அண்ணன், கோயிலை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? வருஷத்தில் பத்து நாள் சத்தத்தில் காது போகுமா?

கல்லடிக்காரன்:
தம்பி, 85 டெசிபலில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்பதே எல்லை. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பார்.

மாமாங்கத்துப் பொடியன்:
நீங்கள் கல்யாண வீட்டில் டிஜே போட்டதை ஊரே கேட்டதே. அதற்கு டெசிபல் இல்லையோ?

சம்மாந்துறை நானா:
தங்கச்சி, நன்றி. எந்த நாளில் கிளினிக் என்று யாராவது சொல்வீர்களா?

கல்லடிக்காரன்:
தம்பி, டிஜே ஒரு இரவுதான். சேர், மிஷினைக் கழற்றி வைத்துவிட்டா என் பதிலை வாசிக்கிறீர்கள்? பெட்டியோடு 30 என்று முதலே சொன்னேன்.

பழுகாமம் வாத்தியார்:
வாசிக்கக் கண் போதும் தம்பி. பெட்டியையா காதில் மாட்டுவீர்? ஆறு.