தினமும் நம்மை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க வேண்டுமா, ஒருமுறை கொடுத்தது போதாதா?

ஒலிவமரம்:
காலையில் கண் விழித்ததும் "ஆண்டவரே, இன்றும் நான் உம்முடையவன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பல வருஷப் பழக்கம். போன வாரம் வேதபாடத்தில் ஒரு பெரியவர், "இரட்சிக்கப்பட்டவன் எதற்குத் திரும்பத் திரும்ப ஒப்புக்கொடுக்கிறான்? அது அவிசுவாசம்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. "தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு" என்று லூக்கா 9:23-இல் இருக்கிறதே! நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தோமாவின்_விரல்:
நான் பெரியவர் கட்சி. 12 வயதில் ஒரு முகாமில் அழுது ஒப்புக்கொடுத்தேன். அடுத்த வருஷம் அதே முகாம், அதே பாட்டு, அதே அழுகை. 20 வயதுக்குள் எத்தனை தடவை கை உயர்த்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. முன்பு கொடுத்தது செல்லாமல் போய்விட்டதோ என்ற பயம்தான் ஒவ்வொரு தடவையும் என்னை எழுப்பி நிறுத்தியது.

எபிரெயர் 10-ஐ நிதானமாக வாசித்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆசாரியன் நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலிகளைச் செலுத்துகிறான். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரே உட்கார்ந்த பிறகு நான் எதற்கு நிற்க வேண்டும்? தத்துப்பிள்ளை தினமும் காலையில் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், அது பிள்ளையா, வாடகைக்கு இருப்பவனா?

சாம்பல்புதன்:
கத்தோலிக்கன் ஒருவன் குறுக்கிடலாமா? ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் வருஷாவருஷம் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு திருமுழுக்கு (நீங்கள் சொல்லும் ஞானஸ்நானம்) வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். அதற்காக யாருக்கும் இரண்டாம் முறை திருமுழுக்குக் கொடுப்பதில்லை.

உங்கள் புராட்டஸ்டண்டு வீட்டு ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், தண்ணீர் ஞானஸ்நானம் எதைக் குறிக்கிறது என்று ஒரு கேள்வி வரும். நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் தினந்தோறும் மனஸ்தாபத்தால் மூழ்கிச் சாக வேண்டும், புதிய மனுஷன் தினந்தோறும் எழும்ப வேண்டும் என்பது அவர் பதில். முழுக்கு ஒன்றுதான், மூழ்கடிப்பது தினமும்.

பழைய_பாட்டுப்புத்தகம்:
வருஷத்துக்கு ஒன்று போதும் என்று ஒரு கட்சியும் உண்டு! மெத்தடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி, சபையாக எல்லாரும் தங்களை ஆண்டவருக்கு மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையை 1755-இல் தொடங்கிவைத்தார். மெத்தடிஸ்டுகள் பலர் இன்றும் புத்தாண்டை ஒட்டி நடத்துகிறார்கள். சரி, நீங்கள் தொடருங்கள்.

தோமாவின்_விரல்:
லூத்தர் சொன்னது மனந்திரும்புதல். அதற்கு நான் எதிரி இல்லை. நான் எதிர்ப்பது மறுபடி மறுபடி உறுதிமொழி எடுப்பதை. அப்புறம், மத்தேயு 16:24-இலும் மாற்கு 8:34-இலும் அந்த "அநுதினமும்" கிடையாது. கவனித்தீர்களா?

ஒலிவமரம்:
லூக்காவில் மட்டும் இருந்தால் எடை குறைந்துவிடுமா? மற்ற இருவரிடம் ஒரே தடவை சாவதற்கான அழைப்பு போலக் கேட்பது, லூக்காவில் அன்றாட வேலையாகிறது. பவுலும் "அநுதினமும் சாகிறேன்" என்கிறாரே.

தோமாவின்_விரல்:
சகோ, அந்த வசனத்தை இதற்குள் இழுக்காதீர்கள். 1 கொரிந்தியர் 15:30 முதல் 32 வரை சேர்த்து வாசியுங்கள். எபேசுவில் மிருகங்களோடு போராடினதாக அடுத்த வசனமே வருகிறது. அவர் பேசுவது உயிராபத்தைப் பற்றி. உங்கள் காலை ஜெபத்தைப் பற்றி அல்ல.

ஒலிவமரம்:
சரி, என் தப்பு. பிரசங்கங்களில் கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

ஆனால் யோவான் 13:10-க்கு என்ன சொல்வீர்கள்? "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும்." இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, பேதுரு முதலில் தன் கால்களைக் கழுவவே விடமாட்டேன் என்றான். பிறகு கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொன்னான். முகாமில் நீங்கள் கேட்டது முழுக் குளியல். இப்போது கால்களைக்கூட நீட்ட மாட்டேன் என்கிறீர்கள்.

தோமாவின்_விரல்:
இது குத்துகிறது. யோசிக்கிறேன்.

ஆனாலும் "தினமும்" என்ற சொல் வந்ததுமே கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. பைபிள் ஆப்பில் 214 நாள் விடாமல் வைத்திருந்தேன். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனது, எண் மறுபடி 1. அன்றைக்கு நான் அழுதது ஆண்டவருக்காக இல்லை, அந்த 214-க்காக.

சாம்பல்புதன்:
எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவன் தந்த மன்னா என்ற உணவையும் தினமும்தான் பொறுக்கினார்கள். மிச்சம் வைத்தது புழுத்து நாறியது. ஆனால் ஒருநாள் பொறுக்காமல் விட்டவனை எகிப்துக்கா திருப்பி அனுப்பினார்கள்? பசியோடு கிடந்திருப்பான், அவ்வளவுதான்.

தோமாவின்_விரல்:
ஒலிவமரம், உங்கள் முதல் பதிவை மறுபடி வாசித்தேன். "உம்முடையவன்" என்று எழுதியிருக்கிறீர்கள். "உம்முடையவனாகிறேன்" என்று இல்லை. முதலாவது என்றால் நானும் ஆமென். இரண்டாவது என்றால் சண்டை தொடரும்.

ஒலிவமரம்:
உண்மையைச் சொல்லட்டுமா? பெரும்பாலான நாள் முதலாவதுதான். முந்தின ராத்திரி வீட்டில் யாரிடமாவது கத்தித் தீர்த்திருந்தால், மறுநாள் காலையில் வாயில் வருவது இரண்டாவது.

தோமாவின்_விரல்:
அந்தக் காலைகளைப் பற்றித்தான் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.