7எம்எம் ரெமிங்டன் மேக்னமா, .300 வின்செஸ்டர் மேக்னமா? எல்க் வேட்டையில் கண்டதும் கற்றதும்

டென்வர்வாசி

கிரீன் கார்டு வாங்கி, ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்து, எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்கென முதல் ரைஃபிள் வாங்கக் கிளம்பும் நம்மவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, 7எம்எம் ரெமிங்டன் மேக்னமா, .300 வின்செஸ்டர் மேக்னமா, எந்தத் தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்குவது என்பதைத்தான். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. இரண்டுக்கும் வீட்டிலேயே தோட்டா தயாரிக்கிறேன். கொலராடோ மலைகளில் இரண்டிலும் எல்க் விழுந்திருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானூறு கெஜத்துக்குள் சுடுபவருக்கு 7எம்எம் தாராளமாகப் போதும். எந்தத் தோட்டா (கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது) என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், அதில் பாதி நேரத்தை எந்தக் குண்டு (குழலிலிருந்து பறந்து போகும் முனைப்பகுதி) என்று யோசிக்கச் செலவிட்டால் நல்லது.

இரண்டும் ஒரே வம்சம். 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தின் பித்தளைக் கூட்டைக் குறுக்கி உருவாக்கியவை. 7எம்எம் 1962இல் ரெமிங்டன் மாடல் 700 ரைஃபிளோடு சேர்ந்து வந்தது. வயோமிங் மாநிலம் கோடி ஊரில் வேட்டை வழிகாட்டியாக இருந்த லெஸ் போமன் இதற்காக மிகவும் பாடுபட்டவர். கிழக்கிலிருந்து வரும் விருந்தினர்கள் பயமில்லாமல் சுடக்கூடிய, தூரத்திலும் வேலை செய்யக்கூடிய ஒரு தோட்டா அவருக்குத் தேவைப்பட்டது. அடுத்த வருடமே வின்செஸ்டர் .300ஐக் கொண்டுவந்தது. அடிப்பாகமும், அதையொட்டிச் சுற்றியிருக்கும் பட்டையான பெல்ட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். கூட்டின் நீளம் 7எம்எம்முக்கு 2.500 அங்குலம், .300க்கு 2.620 அங்குலம்.

160 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டை 7எம்எம் நொடிக்கு சுமார் 2,950 அடி வேகத்தில் அனுப்பும். 180 கிரெய்ன் குண்டை .300 சுமார் 2,960 அடியில் அனுப்பும். குழல் வாயில் ஆற்றல் முறையே 3,100, 3,500 அடி-பவுண்டு அளவில் இருக்கும். இருநூறு கெஜத்தில் குறி சரியாக விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், நானூறு கெஜத்தில் இரண்டு குண்டும் ஒன்றரை அடிக்குச் சற்று மேல் தாழ்ந்திருக்கும். ஒன்றின் பாதைமேல் இன்னொன்றின் பாதையை வரைந்தால் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்), 85 கிரெய்ன் விரியும் குண்டு, நூறு கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு. இரண்டுமே அதைத் தாராளமாகத் தாண்டுகின்றன.

தோளில்தான் வித்தியாசம் தெரியும். எட்டுப் பவுண்டு ரைஃபிளில் 7எம்எம்மின் உதையைப் பெரும்பாலோர் பழகிக்கொள்கிறார்கள். .300இல் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் வெடிமருந்து எரிகிறது, குண்டும் கனம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெட்டி சுட்டுத் தீர்ப்பதற்குள் கண் தானாகவே மூட ஆரம்பிக்கும். விசையை இழுக்கும் முன்பே தோள் சுருங்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் போகாது. சுடுதளத்தில் பக்கத்து பெஞ்சுகளைக் கவனித்துப் பாருங்கள். .300 வைத்திருப்பவர்களில் பலர் சில தோட்டாக்களோடு எழுந்துவிடுவார்கள். பயிற்சியே இல்லாமல் அக்டோபரில் மலையேறுவார்கள். காயம்பட்ட எல்க் காட்டுக்குள் போய்ச் சாவது எனக்குப் பொறுக்காத விஷயம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் பார்த்ததில் ஒன்று. கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ் மலைப் பக்கம், ஆஸ்பென் மரங்கள் முடிந்து ஸ்ப்ரூஸ் காடு தொடங்கும் ஓரத்தில் ஒரு காளை எல்க் நின்றது. சற்று முன்பக்கம் திரும்பிய வாக்கில், முந்நூறு கெஜத்துக்குள். 7எம்எம், 160 கிரெய்ன் நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டு. குண்டு முன்தோளின் எலும்பை உடைத்து, நுரையீரலைக் கடந்து, எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் தங்கியிருந்தது. தோலை உரித்தபோது கையில் தட்டுப்பட்டது. முன்பாதி ஈயம் கரைந்து செப்பு உறை பின்னோக்கி மடிந்திருந்தது. பின்பாதி புதிதுபோல அப்படியே இருந்தது. எல்க் நாற்பது அடிகூட நகரவில்லை.

இந்தக் குண்டு பிறந்த கதையே நம் கேள்விக்குப் பதில். 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்து அப்பிய ஒரு மூஸை (எல்க்கைவிடப் பெரிய மான்) ஜான் நோஸ்லர் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டால் சுட்டார். மேக்னம் வேகத்தில் போன குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே சிதறின. தோட்டாவில் சக்திக்குக் குறைவில்லை, குண்டின் கட்டுமானம்தான் தாங்கவில்லை. அதற்காகவே நடுவில் தடுப்பு வைத்த பார்ட்டிஷனை உருவாக்கினார். 1948இல் கம்பெனியும் தொடங்கினார்.

இனி வீட்டில் தோட்டா அடைப்பவர்களுக்கு. பெல்ட் உள்ள கூடு சேம்பரில் (ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை) பெல்ட்டைப் பிடித்துத்தான் நிற்கிறது. அதனால் ரைஃபிள் கம்பெனிகள் கூட்டின் தோள்பகுதிக்கு (கூடு கழுத்தாகச் சுருங்கும் சரிவு) முன்னால் தாராளமாக இடம் விட்டுவிடுகின்றன. முதல்முறை சுடும்போது பித்தளை முன்னோக்கி நீள்கிறது. கூட்டைப் பழைய வடிவுக்கு அழுத்தும் டையை, கூட்டைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி ஒவ்வொரு முறையும் தோளைப் பழைய இடத்துக்குத் தள்ளினால், ஒவ்வொரு முறையும் அது மறுபடி நீளும். பெல்ட்டுக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். சில சுடுதல்களிலேயே கூடு அங்கே இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும். வெளியே மெல்லிய பளபளப்பு வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல வளைத்து, கூட்டுக்குள் விட்டுச் சுவரை ஒட்டி மேலே இழுங்கள். வழுவழுவென்று வராமல் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. அந்த லாட்டில் ஒன்றை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் மெலிந்த இடம் கண்ணுக்கே தெரியும்.

தீர்வு எளிது. ஒருமுறை சுட்ட பிறகு பெல்ட்டை மறந்துவிடுங்கள். கம்பாரேட்டர் (தோள்வரை நீளம் அளக்க உதவும் கருவி) வைத்து அளந்து, தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்வாங்கும்படி டையைப் பொருத்துங்கள். கூடுகள் இரண்டு மடங்கு உழைக்கும். இந்த விஷயத்தில் 7எம்எம்மும் .300உம் ஒன்றுதான்.

ஆங்கரேஜ்காரன்

அண்ணே சொல்வதில் பெரும்பாலானவை சரி. ஆனால் இங்கே அலாஸ்காவில் கணக்கு கொஞ்சம் மாறும். மூஸ் காளை ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகும். இறைச்சியைப் பிரித்துத் தூக்கி முடிக்கும்வரை பழுப்புக் கரடி வருகிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அதனால் நான் .300தான். 200 கிரெய்ன் பார்ட்டிஷன். 7எம்எம்மில் நடைமுறையில் 175 கிரெய்னோடு முடிந்துவிடுகிறது, .300இல் 220 வரை போகலாம். தூரத்துக்காக இதை நான் எடுக்கவில்லை. வில்லோ புதருக்குள் நூறு கெஜத்தில் நிற்கும் மூஸுக்குள் ஆழமாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

உதை விஷயத்தில் அண்ணனுக்கு ஒரு சாட்சி தருகிறேன். அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறை வேட்டைக்காரர்களுக்குத் தரும் ஆலோசனையில், வழிகாட்டிகள் அதிகம் குறைப்படுவது இரண்டைப் பற்றி என்கிறது. வருபவர்களுக்கு உடல்தெம்பு இல்லை, தங்கள் ரைஃபிளைச் சரியாகச் சுடத் தெரியவில்லை. நன்றாகச் சுடப் பழகிய .30-06 இங்கே போதும் என்பதும் அவர்கள் கருத்துதான்.

மொன்டானா அக்கா

நான் 7எம்எம்தான், மாற்றும் எண்ணம் இல்லை. குழந்தைகள் சாப்பிடும் இறைச்சியில் ஈயத்துகள் இருக்கக்கூடாது என்று முழுச் செப்புக் குண்டுக்கு மாறினேன். பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ், 150 கிரெய்ன். செப்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். பழைய 7எம்எம் குழல்களின் முறுக்கு (உள்வரிகள் ஒரு முழுச் சுற்று சுற்றும் நீளம்) ஒன்பதரை அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். மிக நீளமான குண்டை நிலைப்படுத்த அந்தச் சுழற்சி போதாது, ஆகவே எடையை ஒரு படி குறைத்தால் நல்லது. இன்னொன்று, செப்புக் குண்டைக் குழலின் வரிகளுக்கு அருகில் உட்காரவைக்காமல் 0.05 அங்குலம் தள்ளி வைத்துப் பாருங்கள். என் ரைஃபிளில் குண்டுகள் விழும் வட்டம் பாதியாகச் சுருங்கியது.

டெக்ஸாஸ் தம்பி

இப்போது வாங்குபவர்கள் 7எம்எம் பிஆர்சி என்ற தோட்டாவை ஏன் பார்ப்பதில்லை? 2022இல் ஹார்னடி கொண்டுவந்தது. பெல்ட் கிடையாது, முறுக்கு எட்டு அங்குலம், 175, 180 கிரெய்ன் நீளக் குண்டுகளுக்கென்றே சேம்பரை அமைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன பெல்ட் தொல்லையே இல்லை.

டென்வர்வாசி

தம்பி, புதிதாக எல்லாவற்றையும் வாங்குபவருக்கும், ஐந்நூறு கெஜத்துக்கு அப்பால் இரும்புத் தகடு சுடுபவருக்கும் அது நல்ல தேர்வு. மறுப்பில்லை. ஆனால் பழைய 7எம்எம் கையில் இருப்பவர் அதை விற்றுவிட்டு இதை வாங்குவதால் நானூறு கெஜத்துக்குள் எல்க்குக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்தப் பணத்தில் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) குண்டும் வாங்கிப் பயிற்சி செய்யலாம். 2020, 2021 ப்ரைமர் பஞ்சத்தை மறக்கவில்லை. கிடைக்கும்போது வாங்கி வையுங்கள்.

தனிச்செய்தியில் மருந்து அளவு கேட்டவர்களுக்கு: நான் தரமாட்டேன். என் சேம்பர் வேறு, உங்கள் சேம்பர் வேறு. நோஸ்லர், ஹாட்ஜ்டன் கையேடுகளில் உங்கள் குண்டுக்கான தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுங்கள். மருந்து எது என்று மட்டும் சொல்கிறேன். இரண்டுக்குமே மெதுவாக எரியும் எச்1000 பயன்படுத்துகிறேன், ஃபெடரல் 215 ப்ரைமரோடு. ரீலோடர் 22 என்ற மருந்தில் நல்ல வேகம் கிடைக்கும். ஆனால் வெப்பநிலைக்கேற்ப அது மாறும். ஜூலை வெயிலில் சுட்டுப் பார்த்துத் திருப்தியடைந்த தோட்டா, நவம்பர் பனியில் வேகம் குறைந்து தாழ்ந்து அடிக்கும். எதைப் பயன்படுத்தினாலும் சீசனுக்கு முன் ஒரு குளிர்ந்த காலையில் குரோனோகிராஃபோடு சுடுதளத்துக்குப் போய் வேகத்தை மறுபடி அளந்துவிடுங்கள்.