வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: வெறும் வயிறா, தண்ணீர் குடித்துவிட்டா?

வெறும் வயிறு என்றால் காலை டீயும் கிடையாது. பாலில் உள்ள கொழுப்பே பித்தப்பையைச் சுருக்கிவிடும். சுருங்கிய பையின் சுவர் தடித்தது போலத் தெரியும், சின்னக் கல் இருந்தால் கண்ணில் படாது. 6 முதல் 8 மணி நேரம் சாப்பிட வேண்டாம் என்பது இதற்காகத்தான். இன்னொரு தொல்லை வாயு. இந்த ஸ்கேன் ஒலி அலையால் பார்ப்பது, ஒலி அலை காற்றைத் தாண்டாது. இரைப்பையிலும் குடலிலும் காற்று நிறைந்தால் பின்னால் இருக்கும் கணையம் மறைந்துவிடும். சூயிங்கம், சிகரெட், சோடா மூன்றுமே காற்றை உள்ளே அனுப்புபவை. வழக்கமான மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போடலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் மட்டும் வேறு கதை: சாப்பிடாமல் எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள்.

*

மேலே சொன்னது மேல்வயிற்றுக்கு. கர்ப்பப்பை, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி), சிறுநீர்ப்பை பார்க்கச் சீட்டில் எழுதியிருந்தால் தண்ணீரும் வேண்டும். சுமார் 1 லிட்டரை ஒரு மணி நேரம் முன்பே குடித்து முடித்து, சிறுநீர் கழிக்காமல் இருக்கணும். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளும், அதன் வழியாகப் பின்னால் இருப்பது பளிச்சென்று தெரியும். அதற்காகத் துடிக்கத் துடிக்க அடக்க வேண்டாம். அளவுக்கு மீறி நிரம்பினால் சிறுநீரகமே லேசாக வீங்கியது போலத் தெரியும். கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். புராஸ்டேட் கேஸில் எப்படியும் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். மேல்வயிறு, கீழ்வயிறு இரண்டும் சேர்த்து எழுதியிருந்தால் சாப்பாடு இல்லை, தண்ணீர் உண்டு. பால், ஜூஸ் அதில் சேராது.

*

உள்ளே நடப்பது எளிது, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம். மேல்சட்டை தனியாக இருக்கும் உடை போதும். ஜெல் சில்லென்று இருக்கும். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று நிற்காமல் இருக்கத்தான் அது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மூச்சு இழுத்தால்தான் கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே இறங்கும். அரைகுறையாக இழுத்தால் அதே இடத்தைப் பத்து முறை பார்க்க வேண்டிவரும். இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள்: பித்தப்பைக்குள் கல் இருந்தால் உருளும், பாலிப் (சுவரில் ஒட்டிய சின்னச் சதை வளர்ச்சி) இருந்த இடத்திலேயே நிற்கும். வலது விலாவுக்குக் கீழே அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால் பல்லைக் கடிக்காமல் சொல்லுங்கள், அந்த வலியே ஒரு தடயம்.

அதே நாளில் எண்டோஸ்கோபியோ (குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) பேரியம் எக்ஸ்ரேயோ (பேரியம் மருந்து கொடுத்து எடுப்பது) இருந்தால் ஸ்கேன்தான் முதலில். எண்டோஸ்கோபியில் காற்றை ஊதிவிடுவார்கள், பேரியம் அலையை மறைக்கும்.

ரிப்போர்ட்டில் "குடல் வாயுவால் கணையம் தெளிவாகத் தெரியவில்லை" என்றிருந்தால் கணையத்தில் கோளாறு என்று அர்த்தமில்லை, நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. அந்த இடம் பார்க்கப்படவில்லை, அவ்வளவுதான். சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் உள்ள கல்லும் இப்படி நழுவும். வலி தொடர்ந்தால் சி.டி. ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கல் 4 மி.மீ.யிலேயே நிற்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.