புதுப்பிப்பு: அண்ணனுக்குப் போன் போட்டேன்

நாகர்கோவில் வீட்டை அண்ணன் என்னைக் கேட்காமலே விற்றது, ஆறு வருஷமாக நான் பேசாதது, சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகக் கால் வராதது, எல்லாம் மார்ச்சில் இங்கே எழுதியிருந்தேன். "பின்னானவைகளை மறந்துவிடுங்கள்" என்று பைபிள் வசனத்தைச் சொல்லிப் பலர் பதில் போட்டீர்கள். உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் வந்தது.

அல்சூரில் எங்கள் போதகர் ஐயாவிடம் கேட்டேன். அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம் 3ஆம் அதிகாரத்தில், நீங்கள் சொன்ன அந்த 13ஆம் வசனத்தை விட்டுவிட்டு 5ஆம் வசனத்தைக் காட்டினார். பென்யமீன் கோத்திரம், பரிசேயன் என்று பவுல் தன் பழசை வரிசையாகச் சொல்கிறார். நினைவில் இல்லாதவர் அப்படி எழுத முடியுமா? சொந்தச் சகோதரரே விற்றுப்போட்ட யோசேப்பும், கஷ்டத்தைத் தேவன் மறக்கப்பண்ணினார் என்று மகனுக்கு மனாசே எனப் பெயர் வைத்தவர், பிற்பாடு சகோதரர் முன்னால் சத்தமிட்டு அழுதார். எனக்கு அது பெரிய ஆறுதல். நானும் அழுமூஞ்சிதான்.

சரி, நடந்தது இதுதான். பீரோவில் பத்திர ஜெராக்ஸோடு ஒரு நோட்டு இருந்தது. எனக்கு வர வேண்டிய பங்கை வருஷா வருஷம் வட்டி போட்டு எழுதி வைத்திருந்தேன். போன சனிக்கிழமை அந்தக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். ஜெராக்ஸைக் கிழிக்கவில்லை, அது இருக்கட்டும்.

அப்புறம் போன் போட்டேன். "யாரு?" என்றான். என் நம்பரே அவனிடம் இல்லை. பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சாப்பிட்டியாலே?"

பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் சர்க்கரை மாத்திரை, அண்ணியின் முட்டிவலி, அவ்வளவுதான். மறுநாள் திருவிருந்துக்குப் போனேன்.