எறிகத்தியா, கிளையலகுக் கத்தியா?

அன்புள்ள குழுவினருக்கு,

மத்திய ஆப்பிரிக்காவின் பல அலகுகள் கொண்ட இரும்புக் கத்திகளுக்கு 'வளரி', 'எறிகத்தி' என்னும் இரு சொற்கள் நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

நம் வளரி பிறைபோல் வளைந்த ஒற்றை உடல் கொண்டது. மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களுடைய க்பிங்கா என்னும் கத்தியிலோ ஒரே தண்டிலிருந்து வெவ்வேறு கோணங்களில் அலகுகள் பிரிகின்றன. இரண்டும் எறியப்பட்டவை என்ற ஒரே காரணத்துக்காகப் பெயரை இரவல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலேயே சான்று இருக்கிறது. 'ட்ரும்பாஷ்' என்பது சூடானின் சென்னார் பகுதியில் மரத்தாலான எறிகோலுக்கு உரிய பெயர். அதை எறிபடைகள் அனைத்துக்கும் பொதுவாக்கினார்கள். பிறகு அது தெற்கே நகர்ந்து, இன்று சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் காங்கோவின் மங்பெட்டு மக்களுடைய அரிவாள் வடிவக் கத்தியைக் குறிக்கிறது. அந்தக் கத்தியோ எறிவதற்கானதே அன்று. வளரிக்கும் இந்தக் கதி வேண்டாம்.

'எறிகத்தி' இதைவிட நேர்மையான சொல்தான். க்பிங்காவை அசாண்டே வீரர்கள் கேடயத்தின் உட்புறம் வைத்துக்கொண்டு போரில் எறிந்தார்கள் என்பதால் அதற்கு அது பொருந்தும். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த பல கத்திகள் தலைமைச் சின்னமாகவும், மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசமாகவும், நாணயத்துக்கு ஈடாகவும் கைமாறியவை. சூடானில் மஹ்தி இயக்கம் என்னும் மத எழுச்சி 1881இல் எழுந்து 1898 ஓம்துர்மான் போரில் வீழ்ந்தது. அதன் காலத்தோடு இணைக்கப்படும் சில கத்திகள் தகட்டு உருக்கிலிருந்து வெட்டப்பட்டு, மேற்பரப்பு முழுவதும் அமிலத்தால் அரித்த அரபு எழுத்துகளைத் தாங்கியவை. இவற்றின் கீழ் 'எறிகத்தி' என்று எழுதினால், பார்ப்பவர் அவை போர்க்களத்தில் பறந்ததாகவே எண்ணிக்கொள்வார். அடித்து உருவாக்கிய இரும்பா, வெட்டிய தகடா, எழுத்து எவ்வாறு பொறிக்கப்பட்டது என்னும் கேள்விகளே காலத்தைக் கணிக்க உதவுபவை. பயன்பாட்டை முன்கூட்டியே முடிவுசெய்யும் பெயர் அவற்றைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

ஆகவே வடிவத்தை மட்டும் சொல்லும் பெயர் வேண்டும். 'பல்லலகு' என்று முதலில் எழுதிப் பார்த்தேன்; பல் முளைத்த அலகு என்று வீட்டில் சிரித்தார்கள். 'கிளையலகுக் கத்தி' என்பது என் பரிந்துரை. சாட், டார்ஃபூர் பக்கத்தில் ஒரு தண்டும் ஒரு கிளையுமாக எஃப் எழுத்தைப் போல் இருக்கும் வடவகைக்கும், உபாங்கி ஆற்றுப் பகுதியில் பல திசைகளில் விரியும் தென்வகைக்கும் அது பொருந்தும். எறியப்பட்டதற்குச் சான்று உள்ள இடத்தில் மட்டும் 'எறிபடை' என்று அடைமொழி சேர்க்கலாம்.

இயற்பியல் நூல்களில் 'அலகு' வேறு பொருளில் வழங்குவதாக நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கத்திக்கு அலகு என்பது பழைய வழக்கு. காபோனில் கோட்டா மக்கள் செய்த, இருவாச்சியின் தலை போன்ற கத்தியைப் பார்த்தவருக்குக் கத்தியின் அலகும் பறவையின் அலகும் ஒன்றாகவே தோன்றும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல்லும் தேவை. இனவியல் ஆய்வாளர் எமில் டோர்டே 1907 முதல் 1909 வரை காங்கோவில் பயணம் செய்து குபா மக்களின் பொருள்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகத் திரட்டினார். அவற்றுள் ஒரு கத்தி 1909க்குப் பின் செய்யப்பட்டிருக்க முடியாது; ஆனால் அது எவ்வளவு முந்தையது என்பதை அந்த ஆண்டு சொல்லாது. அருங்காட்சியக விளக்க அட்டைகளில் இத்தகைய ஆண்டைச் செய்த ஆண்டுபோல் அச்சிடுவது பரவலான பிழை. இதற்குப் 'பின்னெல்லை ஆண்டு' என்று வழங்கலாமா? 'சேகரித்த ஆண்டு' எளிதுதான். ஆனால் ஓவியத்திலோ பயணக் குறிப்பிலோ முதன்முதலாகக் காணப்படும் ஆண்டை அது உள்ளடக்காது.

கைப்பிடிக்கும் முதல் கிளைக்கும் இடைப்பட்ட பகுதியைத் 'தண்டு' என்றே மேலே எழுதியிருக்கிறேன். 'கழுத்து' என்பதை விரும்புவோர் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.