ஷேப்பரிட்டை வெறுங்கையோட போகலாமோ? ஆறு பேர் குழுவில விசித்திர பில்டுக்கு இடம் இருக்கோ?

கொக்குவில்_சூறாவளி

சனிக்கிழமை இரவு பாத் ஒஃப் எக்சைல் எண்ட ஒன்லைன் விளையாட்டில நடந்ததைப் பற்றி இஞ்ச வடிவாக் கதைக்க வேணும். குழுவில இல்லாத ஆக்களுக்கும் விளங்கட்டும் எண்டு சுருக்கமாச் சொல்லுறன். ஆறு பேர் ஷேப்பர் எண்ட பெரிய எதிரியை அடிக்கப் போனம். அஞ்சு பேர், கரக்டரை எப்பிடிக் கட்டிறது எண்டு சொல்லித்தாற, எல்லாரும் பாக்கிற கைட்டைப் பாத்துத் தங்கட பில்டைக் கட்டின ஆக்கள். ஆறாவது ஆள் எங்கட "வெறுங்கையன்". டெம்ப்ளர் எண்ட வகுப்பை எடுத்து, ஆயுதமே பிடிக்காமல், ஃபேஸ்பிரேக்கர் கையுறையைப் போட்டுக் குத்திக் குத்தியே கடைசி மட்டும் கொண்டு வந்தவன். ஆயுதம் இல்லாத கையின்ர அடியைப் பல மடங்காக்கிற கையுறை அது. முதல் கட்டத்திலயே ஷேப்பரின்ர கதிர் பட்டுச் செத்துப் போனான். பிறகு இன்னும் ரெண்டு பேர் விழுந்திச்சினம். மிச்ச மூண்டு பேராலயும் முடிக்க ஏலாமல் போச்சு.

பிறகு நாலு பேர் சேர்ந்து, "கைட்டைப் பாத்துக் கட்டினால் வா, இல்லாட்டி வராத" எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டினம்.

எனக்கு இதில துண்டா உடன்பாடில்லை. இந்த விளையாட்டில ஏழு கரக்டர் வகுப்பு இருந்தாலும் திறன் மரம் ஒண்டுதான். 1,300க்கு மேல கணுக்கள். நீங்கள் எடுக்கிற வகுப்பு, மரத்தில எங்க நிண்டு தொடங்கிறீங்கள் எண்டதைத்தான் முடிவு செய்யும். மந்திரக்காரி கோடரி தூக்கலாம், மரோடர் மந்திரம் போடலாம், ஆரும் மறிக்க மாட்டினம். இவ்வளவு கதவைத் திறந்து வச்சிருக்கிற விளையாட்டில, எல்லாரும் ஒரே வாசலால வாங்கோ எண்டு நாங்கள் ஏன் மறிக்கிறம்?

அரியாலை_இரவு

தம்பி, அந்த நாலு பேரில நானும் ஒராள். அதால நானே பதில் சொல்லுறன்.

ஷேப்பரிட்டைப் போக நாலு துண்டு வேணும். ஃபீனிக்ஸ், மினோட்டோர், ஹைட்ரா, கைமீரா எண்டு நாலு காவலரை அடிச்சு எடுக்கிற துண்டுகள். அதை வச்சால் திறக்கிறது ஆறு வாசல். ஒராள் ஒருக்காப் போனால் ஒரு வாசல் முடிஞ்சுது. ஆறு பேராப் போனால் ஆளுக்கு ஒண்டுதான், செத்தவர் திரும்பி வர வழியில்லை. அதோட, ஆள் கூடக்கூட எதிரியின்ர உயிரும் கூடும். அஞ்சு பேருக்கும் ஆறு பேருக்கும் ஷேப்பர் ஒரே ஷேப்பர் இல்லை. ஆறாவது ஆள் உள்ள வந்து உடன செத்தால், கூடின உயிரை அடிச்சு முடிக்கிறது மற்ற அஞ்சு பேற்ற தலையில.

எங்கட ஸ்காபரோத் தம்பி, இஞ்ச இரவு ஒன்பது மணியெண்டால் அங்க காலை 11.30 எண்டு வேலையை ஒதுக்கிப்போட்டு வாறவன். 2022 இல 13 மணித்தியால மின்வெட்டு நேரமும், கறன்ட் எப்ப வரும் எண்டு அட்டவணை பாத்துச் சேர்ந்த குழு இது. 304 சீட்டு ஆடேக்க கையில ஒண்டும் இல்லாமல் கூடக் கேட்டுப்போட்டு முன்னால இருக்கிற சோடியையும் கவிழ்க்கிறவரோட, அடுத்த ஆட்டம் ஆர் இருப்பினம்? தனியா விளையாடேக்க வெறுங்கையோ வெறுங்காலோ, அவன்ர விருப்பம். ஆறு பேர் எண்டு வந்தால் அது ஆறு பேற்ற இரவு.

பழைய_மொங்க்

அரியாலை சொல்லுற நேரக்கணக்கு சரி. ஆனால் கைட் எங்கயிருந்து வருகுது எண்டதையும் ஒருக்கா யோசிக்க வேணும்.

2005 இல வந்த முதலாவது கில்ட் வோர்ஸ் விளையாடின ஆக்களுக்கு 55 மொங்க் எண்டால் தெரியும். மற்ற எல்லாரும் உயிரைக் கூட்டப் பாடுபட, அதைக் குறைச்சுக் குறைச்சுக் கட்டின கரக்டர் அது. 20ஆம் லெவலில 480 உயிர். கவசத்தில பதிக்கிற ஒவ்வொரு சுப்பீரியர் ரூனும் 75 உயிரைக் குறைக்கும். அப்பிடி அஞ்சு ரூன் போட்டால் 375 போய் 105. இடக்கையில உயிரில 50 குறைக்கிற பொருள் ஒண்டைப் பிடிச்சால் மிச்சம் 55.

அதில என்ன லாபம் எண்டால், "புரட்டெக்டிவ் ஸ்பிரிட்" எண்ட மந்திரம் இருந்தது. ஒரு அடியில உன்ர மொத்த உயிரில பத்தில ஒரு பங்குக்கு மேல போக விடாது. 55க்குப் பத்தில ஒண்டு எண்டால் அஞ்சு, அஞ்சரை. நூறு அடிக்கிற அரக்கன் அடிச்சாலும் போறது அந்த அஞ்சுதான். அதை உயிர் ஊற வைக்கிற மந்திரத்தால நிரப்பிக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு நடுவில தனிய நிக்கலாம். குறைவான உயிரே கவசமாப் போச்சு! விதியை வரி வரியா வாசிச்ச ஆரோ ஒராள் கண்டுபிடிச்சது. முதல்ல கேட்ட ஆக்களுக்கு விசர் வேலை மாதிரித்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு கைட்டும் முதல் நாள் ஆரோ ஒராளின்ர விசித்திர பில்ட்தான்.

திருநெல்வேலி_தேன்மொழி

பழைய மொங்க் அண்ணா, 55 மொங்க் எனக்கும் பிடித்த கதை. ஆனால் நீங்கள் அதை எங்களுக்கு எதிராகச் சொல்லவில்லை, எங்கள் பக்கம்தான் சொல்லியிருக்கிறீர்கள். அது தனியாகப் போய்ப் பொருள் சேர்க்கக் கட்டிய கரக்டர். காக்கிற மந்திரத்தைக் கழற்றும் எதிரியோ உயிரை நேராக உறிஞ்சும் எதிரியோ வந்தால் 55 உயிர் ஒரு நொடிக்குத் தாங்காது. எந்த இடத்தில் எந்தக் கூட்டத்துக்கு என்று தெரிந்துதான் அதைக் கொண்டு போனார்கள். கட்டியவர் தன் பலவீனத்தைத் தன் விரல் மாதிரி அறிந்திருந்தார்.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் பாண்டரன் என்ற பண்டா உருவக் கரக்டர் ஒன்று எந்தப் பக்கமும் சேராமல், தொடக்கத் தீவை விட்டு வெளியே வராமல், மூலிகை பறித்தும் சுரங்கம் தோண்டியுமே உச்ச லெவலுக்குப் போனதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அவரும் தனி ஆள். யாருடைய வாசலையும் அவர் செலவழிக்கவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் தூங்கிய பிறகு கிடைக்கிற நேரம் எனக்குப் பெரிய சொத்து. அந்த நேரத்தை ஒருவருடைய பரிசோதனைக்குக் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய_மொங்க்

தங்கச்சி, அப்ப குழுவுக்குள்ள இருந்தே ஒரு உதாரணம் தாறன். பாத் ஒஃப் எக்சைலில ஓராபொட். எதிரியைத் தொடவே தொடாத கரக்டர். தன்ர பொயின்ற் முழுக்க ஓராவில போட்டு, பக்கத்தில நிக்கிற ஆக்களைப் பலப்படுத்தும். "ஒண்டும் அடிக்காத ஒராளை ஏன் கூட்டிக்கொண்டு போறது" எண்டு ஆரும் கேட்கலாம். ஆனால் நல்ல ஓராபொட் ஒண்டு வந்தால் மற்ற ஆக்கள் அடிக்கிறதும் தாங்கிறதும் எங்கயோ போயிடும். இண்டைக்குப் பெரிய குழுக்கள் முதல்ல தேடுறது அதைத்தான்.

ரூன்ஸ்கேப்பையும் பாருங்கோ. ஆரிட்டையும் பொருள் வாங்காமல், ஆரோடையும் வியாபாரம் செய்யாமல் தனிய முன்னேறுறது எண்டது முதல்ல ஆட்டக்காரர் தங்களுக்குத் தாங்களே போட்ட விதி. 2014 இல நிறுவனமே அதை அயன்மான் எண்டு தனி முறையா விட்டது. விளையாட்டைச் செய்த ஆக்களே ஆட்டக்காரரிட்டைப் படிக்கினம்.

அரியாலை_இரவு

அண்ணை, ஓராபொட்டை நானே கேட்டு எடுப்பன். ஏனெண்டால் அது குழுவுக்கெண்டு கட்டினது. வெறுங்கை குழுவுக்கு என்னத்தைக் குடுக்குது? அதுக்கு ஒருதரும் இன்னும் பதில் சொல்லேல்லை.

கொக்குவில்_சூறாவளி

நான் சொல்லுறன். காசுப் பக்கத்தையும் பாருங்கோ.

லீக் எண்டு சில மாசத்துக்கு ஒருக்கா எல்லாரும் புதுசாத் தொடங்கிற பருவம் வருமே, அது தொடங்கி முதல் கிழமை, பெயர்போன கைட் ஒண்டு வெளிய வந்த உடன, அதில சொல்லியிருக்கிற பொருளின்ர விலை ஏறத் தொடங்கும். எல்லாரும் அதையே தேடினால் வேற என்ன நடக்கும்? பகல் முழுக்க வேலை செய்திட்டு இரவில மட்டும் வாற எங்கட பெடியள் அந்த விலையை எட்டேக்க லீக்கே பாதி போயிடும். ஆரும் தேடாத கையுறையை மலிவா எடுத்து, அதைச் சுத்தி மரத்தை வரைஞ்சு, ஆருட்டையும் கடன் கேட்காமல் அவன் ஷேப்பர் மட்டும் வந்திருக்கிறான். அஞ்சு பேரும் ஒரே பில்ட் எண்டால் விழுகிற பொருளுக்கும் அஞ்சு பேர் போட்டி. அவன் ஆற்ற பொருளையும் கேட்க மாட்டான். இது குழுவுக்குக் குடுக்கிறது இல்லையோ?

அரியாலை_இரவு

பொருள் பங்கிடுறதில நீ சொல்லுறது உண்மை, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பங்கிட முதல் ஷேப்பர் விழ வேணுமே.

டயப்ளோ 2 இல 2010 மட்டும் போட்ட பொயின்றைத் திரும்ப எடுக்கேலாது. பிழைச்சால் முதல்ல இருந்து இன்னொரு கரக்டர் வளர்க்க வேணும். அந்தப் பயத்திலதான் அப்ப எல்லாரும் கைட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. இப்ப பாத் ஒஃப் எக்சைலில ஓர்ப் ஒஃப் ரிக்ரெட் எண்ட பொருள் இருக்கு, கணுவைத் திருப்பலாம். அப்ப முதல்ல கைட்டால கட்டி, விளையாட்டு பிடிபட்ட பிறகு உன்ர எண்ணத்தைப் போடு. அடித்தளம் இல்லாமல் மேல்மாடி எதுக்கு?

சங்கானை_சுத்தியல்

எல்லாரும் வெறுங்கையைப் பற்றியே கதைக்கிறியள். அவன் எதால செத்தான் எண்டு ஒருதரும் பாக்கேல்லையோ? அவன்ர கரக்டர் தளத்தில எல்லாருக்கும் தெரியிற மாதிரித்தான் இருக்கு. நான் இப்ப திறந்து பாத்தன்.

நெருப்பு எதிர்ப்பு 75. மின்னல் 75. குளிர் 41.

ஷேப்பரின்ர கதிர் குளிர் அடி. 75 இருக்கிற ஆளுக்கு நூறில 25தான் படும். 41 எண்டால் 59 படும். ஒரே கதிர், ரெண்டு மடங்குக்கும் மேல. அஞ்சாம் அங்கம் முடிய 30, பத்தாம் அங்கம் முடிய இன்னும் 30 எண்டு விளையாட்டே எதிர்ப்பில 60ஐ வெட்டும். அதை நிரப்பாமல் வந்தால், உலகத்திலயே சிறந்த கைட்டைப் பாத்துக் கட்டினாலும் அந்த இடத்திலதான் விழுவீங்கள். பின்னால விழுந்த ரெண்டு கைட் பில்டும் ஏன் விழுந்தது எண்டு இஞ்ச ஆராவது கேட்டனீங்களோ? கேட்கேல்லை. ஏனெண்டால் அவையின்ர கையில ஆயுதம் இருந்தது.

இன்னொண்டு. அவன்ர இடக்கையும் வெறுமை. ஏன் தம்பி?

வெறுங்கையன்

வணக்கம் அண்ணைமார், அக்கா. எல்லாம் வாசிச்சன்.

ரெண்டு கையும் வெறுமையா இருந்தாத்தான் குத்து வேலை செய்யும் எண்டு ஒரு காணொளியில பாத்தனான். கேடயம் பிடிச்சால் ஃபேஸ்பிரேக்கர் வேலை செய்யுமோ?

நான் கைட் பாக்காதது திமிரில இல்லை. முதல் கரக்டர் கைட்டாலதான் கட்டினனான். எல்லாம் சரியா ஓடிச்சுது, ஆனால் ஏன் ஓடுது எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒரு கணுவை மாத்தினால் என்ன நடக்கும் எண்டு கேட்டால் பதில் இல்லை. இந்தக் கரக்டரில ஒவ்வொரு கணுவும் ஏன் எடுத்தனான் எண்டு என்னால சொல்ல ஏலும். அது எனக்குப் பெரிய விசயம். விட மனம் இல்லை.

சங்கானை_சுத்தியல்

வேலை செய்யும். ஆயுதம்தான் பிடிக்கக் கூடாது, கேடயம் ஆயுதம் இல்லை. நீ பாத்த காணொளி ஹொலோ பாம் எண்ட வேற வெறுங்கைத் திறனைப் பற்றினதா இருக்கும். அதுக்கு ரெண்டு கையும் வெறுமையா இருக்க வேணும், கையுறையும் போடக் கூடாது. உன்ர பில்டே கையுறையில நிக்குது, அப்ப உனக்கு அந்த விதி இல்லை. குளிர் எதிர்ப்பு உள்ள ஒரு கேடயத்தை எடு, உயிரும் சேர்ந்து இருந்தால் இன்னும் நல்லது. 34 நிரப்பினாக் காணும். மிச்சத்தைப் பாத் ஒஃப் பில்டிங்கில போட்டுப் பார், காசில்லாத செயலி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்குச் சொல்லும்.

கதிர் வரேக்க தூர ஓடாத. ஷேப்பரை ஒட்டி நிண்டு அவரைச் சுத்தி ஓடு. கதிர் உன்னைத் துரத்தித் திரும்பும், கிட்ட நிண்டால் நீ முந்தலாம். கிட்ட நிண்டு குத்துற உனக்கு அது லேசு.

திருநெல்வேலி_தேன்மொழி

சுத்தியல் அண்ணாவுக்கு நன்றி. கணக்கைப் பார்த்த பிறகு, வெறுங்கைதான் தோல்விக்குக் காரணம் என்று இனி என்னால் சொல்ல முடியாது. ஆனால் 41 என்பது போவதற்கு முன்பே திரையில் தெரிந்த எண். அதனால் நான் ஒரு விதி கேட்கிறேன். ஷேப்பர் மாதிரி இடங்களுக்குப் போவதற்கு முந்திய நாள், ஆறு பேரும் தங்கள் பாத் ஒஃப் பில்டிங் கணக்கைக் குழுவில் போட வேண்டும். உயிர், மூன்று எதிர்ப்பு, டமேஜ். கைட் பில்டுக்கும் அதே விதி, வெறுங்கைக்கும் அதே விதி.

கொக்குவில்_சூறாவளி

அக்கா, உயிரும் எதிர்ப்பும் சரி. டமேஜுக்கு ஒரு அளவு வைக்கிறதை நான் ஏற்கமாட்டன். அந்த அளவை வச்ச அண்டைக்கே எல்லாரும் கூட அடிக்கிற ரெண்டு மூண்டு பில்டுக்குத் திரும்பிப் போயிடுவினம். பழைய மொங்க் அண்ணை சொன்ன ஓராபொட்டின்ர டமேஜ் பூச்சியம். உங்கட விதிப்படி அதுக்கும் இடமில்லை.

திருநெல்வேலி_தேன்மொழி

ஓராபொட் என்ன கொடுக்கிறது என்பதை அவர் எழுதிப் போடலாமே. அடிக்காதவர் எதைக் கொண்டு வருகிறார் என்று சொல்லட்டும். அடிக்க வருகிறவர் எவ்வளவு அடிப்பார் என்று சொல்லட்டும். ஆறு பேருக்கு உயிர் கூடிய ஷேப்பரை முக்கால் மணி நேரம் குத்திக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. இதில் நான் மாறமாட்டேன்.

வெறுங்கையன்

கேடயம் எடுத்திட்டன். குளிர் இப்ப 75. பாத் ஒஃப் பில்டிங் கணக்கைக் குழுவில போட்டிருக்கிறன் அக்கா, டமேஜையும் சேர்த்துத்தான். இந்தமுறை நாலு துண்டும் நான் கொண்டு வாறன். ரெண்டு என்னட்டை இருக்கு, மினோட்டோரும் ஹைட்ராவும்தான் மிச்சம்.

அரியாலை_இரவு

துண்டு நீ கொண்டு வந்தால் நான் வாறன் தம்பி, அதில கதையில்லை. மினோட்டோரைத் தனிய அடிக்காத, வெள்ளி இரவு என்னைக் கூப்பிடு. ஆனால் லீக் தொடங்கிற முதல் கிழமைக்கு என்ர நிலைப்பாடு அதேதான். அப்ப குழுவாப் போறதெண்டால் கைட் பில்ட். சூறாவளி, அதுக்கு நீ வேற இழை துவங்கு, அங்க வந்து கதைக்கிறன்.